தானியங்கித் தொழிற்கல்வியும் நம் பிள்ளைகளின் எதிர்காலமும்

(ஜமாஅத் சார்பில் நடைபெற்ற கல்வி வழிகாட்டி நிகழ்ச்சியில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

 

தேர்வு முடிவுகள் வெளிவரும் நாட்களில் நம் இல்லங்கள்தோறும் எழுகின்ற கேள்வி, 'அடுத்து என்ன?' என்பதே. உயர்ந்த மதிப்பெண் பெற்ற பிள்ளைக்கு விடை கூற ஊரே திரண்டு வருகிறது. மருத்துவம் என்பார் ஒருவர், பொறியியல் என்பார் மற்றொருவர், கணினி என்பார் வேறொருவர். ஆனால் நடுத்தர மதிப்பெண் பெற்ற பிள்ளைக்கும், பத்தாம் வகுப்போடு நிற்க நினைக்கும் பிள்ளைக்கும் விடை கூற ஆளில்லை. 'பாஸ்போர்ட் எடுத்து வை, மாமா விசா அனுப்புவார்' என்பதே பெரும்பாலும் அவனுக்குக் கிடைக்கின்ற ஆலோசனை. பெண் பிள்ளையாயின் அந்த ஆலோசனையும் இல்லை.

இன்றைய உரை அந்தப் பிள்ளைகளைப் பற்றியது. தொழிற்சாலைகளில் இயந்திரங்கள் தாமே இயங்கும் காலம் வந்துவிட்டது. அந்த இயந்திரங்களைப் பொருத்தவும், இயக்கவும், பழுது நீக்கவும் தெரிந்தவர்களுக்கு நாட்டின் உள்ளும் புறமும் வேலை இருக்கிறது. அதைக் கற்க நான்காண்டுப் பட்டப்படிப்பு கட்டாயமன்று. ஊருக்கு அருகில், குறைந்த செலவில், ஓராண்டு முதல் மூன்றாண்டுகளுக்குள் கற்கலாம். இதனை நம் ஜமாஅத் ஒரு தாழ்ந்த படிப்பாக எண்ணாமல், முழு மதிப்புள்ள கல்வியாக ஏற்க வேண்டும் என்பதே நாம் முன்வைக்க விரும்பும் கருத்து.

தானியக்கம் என்பது யாது?

பெரிய சொல்லாகத் தோன்றினாலும் இது நம் வீட்டு மாடியிலேயே இருப்பதுதான். மேல்நிலைத் தொட்டியில் தண்ணீர் குறைந்தால் மோட்டார் தானே ஓடுகிறது. நிறைந்தால் தானே நிற்கிறது. தொட்டிக்குள் மிதக்கும் சுவிட்சு தண்ணீரின் அளவை உணர்கிறது. சுவரில் உள்ள பெட்டி அதற்கேற்ப முடிவெடுக்கிறது. மோட்டார் செயலாற்றுகிறது. கண், மூளை, கை என்னும் இம்மூன்றும் சேர்ந்ததே தானியக்கம். தொழிற்சாலையில் கண்ணுக்குச் சென்சார் என்று பெயர்; கை என்பது மோட்டாராகவோ, காற்றழுத்தத்தால் இயங்கும் சிலிண்டராகவோ, வால்வாகவோ இருக்கும்; மூளைக்குப் பி.எல்.சி. என்று பெயர்.

இந்தப் பி.எல்.சி. பிறந்த வரலாற்றில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. முன்பெல்லாம் ஓர் இயந்திர வரிசையைக் கட்டுப்படுத்த நூற்றுக்கணக்கான ரிலேக்களை அலமாரி போன்ற பெட்டிகளில் அடுக்கிக் கம்பியால் இணைப்பார்கள். தயாரிக்கும் பொருளில் மாற்றம் வந்தால் அத்தனை கம்பிகளையும் பிரித்து மீண்டும் இணைக்க வேண்டும். இத்தொல்லையைத் தீர்க்க 1968 ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் ஒரு பிரிவு புதிய கருவி ஒன்றைக் கேட்டது. டிக் மோர்லி என்பவரும் அவருடைய குழுவினரும் உருவாக்கிய 'மோடிகான் 084' என்னும் கருவி 1969 இல் வந்தது. கம்பியை மாற்றாமல் நிரலை மட்டும் மாற்றினால் போதும் என்னும் நிலை அப்போது பிறந்தது.

அந்த நிரலை எழுதும் முறையைக் கணினி வல்லுநர்களுக்காக அவர்கள் அமைக்கவில்லை. ரிலே வரைபடத்தைப் படிக்கத் தெரிந்த மின்பணியாளர் ஒருவர் பார்த்தவுடன் புரிந்துகொள்ளும் வகையில், ஏணியைப் போன்ற படமாகவே அதனை அமைத்தார்கள். இன்றும் உலகெங்கும் அந்த ஏணி வரைபட முறை வழக்கில் உள்ளது. ஆகவே, இத்துறை தொடக்கம் முதலே எலெக்ட்ரீசியன்களுக்கு உரிய துறையாகும். 'இது பெரிய படிப்பு, நம் பிள்ளைக்கு வராது' என்று எவரும் பின்வாங்க வேண்டியதில்லை.

நம் பாலாற்றங்கரையில்

தானியக்கம் என்றவுடன் கார் தொழிற்சாலையின் ரோபோவே நம் நினைவுக்கு வரும். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், ஓசூர் ஆகிய இடங்களில் அவை உண்டு என்பது உண்மையே. இராணிப்பேட்டை மாவட்டம் பனப்பாக்கத்தில் டாட்டா நிறுவனத்தின் கார் தொழிற்சாலைக்கு 2024 செப்டம்பரில் அடிக்கல் நாட்டப்பட்டதையும் அறிவோம். ஆயினும் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம், இராணிப்பேட்டை என்று நம் மக்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்துவரும் தோல் தொழிலையே எடுத்துக்கொள்வோம்.

ஒரு டேனரியில் தோலை ஊற வைப்பதும், சுண்ணாம்பிடுவதும், குரோம் ஏற்றுவதும் சுழலும் பெரிய டிரம்களில் நடைபெறுகின்றன. எவ்வளவு தண்ணீர், என்ன வெப்பம், எவ்வளவு இரசாயனம், எத்தனை மணி நேரச் சுழற்சி என்பவையெல்லாம் அனுபவம் மிக்க மேஸ்திரியின் கண்ணிலும் கையிலும் இருந்தன. தோலின் ஓரத்தை வெட்டி நிறங்காட்டித் துளியை விட்டு, நிறம் மாறுவதைக் கொண்டு அமில காரத் தன்மையை அவர் கணித்துவிடுவார். இன்று இவற்றில் பலவற்றைச் சென்சார்கள் அளக்கின்றன. வால்வுகள் தண்ணீரையும் இரசாயனத்தையும் அளந்து விடுகின்றன. டிரம்மின் சுழற்சி வேகத்தை டிரைவ் என்னும் மின்கருவி கூட்டியும் குறைத்தும் தருகிறது.

கழிவுநீர்ச் சுத்திகரிப்பில் இதன் தேவை இன்னும் பெரிது. பாலாற்றின் நிலத்தடி நீர் கெட்டதன் விளைவை நம் ஊர்க் கிணறுகளே கூறும். வேலூர் மாவட்ட மக்கள் நல அமைப்பு தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டு 28 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, மாசுபடுத்துவோரே அதற்கான ஈட்டைச் செலுத்த வேண்டும் என்னும் கொள்கையை இந்நாட்டுச் சட்டத்தில் நிலைநிறுத்தியது. 2014 இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், தோல் பதனிடுதல் உள்ளிட்ட 17 வகைத் தொழில்களில் கழிவின் தன்மையை இடைவிடாது அளந்து அனுப்பும் கருவிகளைப் பொருத்தப் பணித்தது. 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் பாலாற்று மாசு குறித்து மீண்டும் தீர்ப்பளித்து, இழப்பீட்டையும் கண்காணிப்பையும் வலியுறுத்தியது.

இதன் பொருள் என்ன? நம் பகுதியின் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் சரிவர இயங்கினால்தான் டேனரிகள் இயங்கும்; டேனரிகள் இயங்கினால்தான் பல்லாயிரம் குடும்பங்களில் அடுப்பெரியும். அந்நிலையங்களில் ஆர்.ஓ. சவ்வுகளின் வழியே உயர் அழுத்தத்தில் நீரைச் செலுத்துகிறார்கள். அழுத்தம், ஓட்டத்தின் அளவு, உப்பின் அளவு, அமில காரத் தன்மை ஆகிய ஒவ்வொன்றையும் ஒரு சென்சார் காத்து நிற்கிறது. அவற்றில் ஒன்று பொய் சொல்லத் தொடங்கினாலும் விலையுயர்ந்த சவ்வு பாழாகும், நிலையமும் நிற்கும். அந்தப் பொய்யைக் கண்டுபிடிக்கத் தெரிந்த இளைஞன் நம் ஊரிலேயே இருந்தால், அவன் தன் குடும்பத்துக்கு மட்டுமன்றி ஊர்க் கிணற்றுக்கும் காவலனாவான்.

இதே ஆர்.ஓ. முறைதான் மீஞ்சூரில் 2010 முதலும், நெம்மேலியில் 2013 முதலும் கடல்நீரைக் குடிநீராக்கிச் சென்னைக்கு அளிக்கிறது. சவூதி அரேபியாவின் ஜுபைலில் இயங்கும் பெரும் நிலையங்களிலும் இதே முறை உண்டு. வெளிநாடு செல்வதே பிள்ளையின் விருப்பமாயின், வெறுங்கையோடு செல்வதற்கும் இத்தொழிலைக் கையில் கொண்டு செல்வதற்கும் உள்ள வேறுபாட்டை, அங்கே இருந்து திரும்பிய பெரியவர்களைக் கேட்டால் அவர்களே கூறுவார்கள்.

வேலை போகுமா, வருமா?

'இயந்திரம் வந்தால் மனிதனுக்கு வேலை போய்விடுமே' என்னும் அச்சம் நம்மில் பலருக்கு உண்டு. அந்த அச்சம் வீணானதன்று. வாளியில் இரசாயனம் சுமந்தவரின் வேலையும், வால்வைத் திருகித் திறந்தவரின் வேலையும், ஒரே அசைவை நாள் முழுவதும் செய்தவரின் வேலையும் குறைகின்றன. இழந்த வேலைக்கு ஈடாக அதே எண்ணிக்கையில் புதிய வேலை அதே ஊரில் பிறக்கும் என்றும் உறுதி கூற இயலாது. இதனை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது.

ஆனால் ஒன்றை எண்ணிப் பாருங்கள். இயந்திரத்தை வாங்குவதா வேண்டாமா என்பதை முடிவு செய்வது நாமல்ல. தண்ணீர் இறைக்கும் பம்பின் வேகத்தை 80 விழுக்காடாகக் குறைத்தால், ஏற்ற நிலைகளில் அதன் மின்செலவு ஏறத்தாழப் பாதியாகிறது. இத்தகைய சேமிப்பைக் கண்ட முதலாளி இயந்திரத்தை வாங்கத்தான் செய்வார். வாங்கிய பின் அது நள்ளிரவில் நின்றுவிட்டால் யாரை அழைப்பார்? சென்னையிலிருந்தோ கோயம்புத்தூரிலிருந்தோ ஒருவர் வந்து சேரும் வரை உற்பத்தி முடங்கிக் கிடக்கும். பக்கத்துத் தெருவில் ஒருவர் இருந்தால் அவரையே அழைப்பார். அவர் நம் பிள்ளையா, வேற்றூராரா என்பதே நம் கையில் உள்ள கேள்வி.

காரணம் கேட்கப் பழக்கும் கல்வி

இக்கல்வியில் எதைக் கற்பிக்கிறார்கள் என்று பெற்றோர் கேட்கலாம். மின்சாரத்தின் அடிப்படை, மூன்று ஃபேஸ் மோட்டார், கான்டாக்டர், ஸ்டார்ட்டர், மின் வரைபடத்தைப் படித்தல் ஆகியவை முதற்படி. காற்றழுத்தக் கருவிகளும் பல்வகைச் சென்சார்களும் இரண்டாம் படி. அதன் பின்னரே பி.எல்.சி. நிரலும், டிரைவும், திரையில் தொழிற்சாலையைக் கண்காணிக்கும் ஸ்காடா முறையும் வரும். இவற்றோடு பாதுகாப்பும் உடன் வர வேண்டும். 415 வோல்ட் மின்சாரம் கவனக் குறைவை மன்னிக்காது. பழுது பார்க்கும் முன் மின்னிணைப்பைத் துண்டித்து, சுவிட்சைப் பூட்டி, சாவியைத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளும் பழக்கத்தை முதல் வாரத்திலேயே ஏற்படுத்தும் நிறுவனமே நல்ல நிறுவனம்.

எல்லாவற்றுக்கும் மேலாக, காரணம் கேட்கும் பழக்கத்தை இக்கல்வி வளர்க்க வேண்டும். மாணவச் செல்வங்களுக்கு இரண்டு எடுத்துக்காட்டுகளைக் கூறுகிறோம்.

முதலாவது, அழுத்தத்தை அளக்கும் சென்சார் தன் அளவை 4 முதல் 20 மில்லி ஆம்பியர் வரையிலான மின்னோட்டமாக அனுப்புகிறது. 0 முதல் 10 பார் வரை அளக்கும் சென்சாரிலிருந்து 12 மில்லி ஆம்பியர் வந்தால் அழுத்தம் எவ்வளவு? 4 ஐக் கழித்தால் 8. முழு இடைவெளி 16. எனவே பாதி, அதாவது 5 பார். எட்டாம் வகுப்புக் கணக்குப் போதும். ஆனால் 0 இலிருந்து தொடங்காமல் ஏன் 4 இலிருந்து தொடங்கினார்கள்? கம்பி அறுந்துவிட்டால் 0 வரும். அழுத்தமே இல்லை என்றால் 4 வரும். 'அழுத்தம் இல்லை' என்பதையும் 'செய்தியே வரவில்லை' என்பதையும் பிரித்தறியவே இந்த ஏற்பாடு.

இரண்டாவது, ஆபத்து வந்தால் அழுத்தும் சிவப்புப் பொத்தான். அதனை அழுத்தும்போது மின்சாரம் பாயும்படி அமைக்காமல், எப்போதும் மின்சாரம் பாய்ந்துகொண்டிருந்து அழுத்தும்போது துண்டிக்கப்படும்படி அமைக்கிறார்கள். ஏன்? எலி கடித்துக் கம்பி அறுந்தாலும் இயந்திரம் நின்றுவிடும், ஆள் பிழைப்பார். மாற்றி அமைத்திருந்தால், கம்பி அறுந்தது தெரியாமலே இருந்து, ஆபத்தான நேரத்தில் பொத்தான் பயன்படாமற் போகும்.

இத்தகைய காரணங்களை அறிந்தவனே தொழில்நுட்பப் பணியாளன். எந்தப் பொத்தானை எப்போது அழுத்த வேண்டும் என்பதை மட்டும் மனப்பாடம் செய்தவனின் இடத்தை நாளை மற்றோர் இயந்திரம் எடுத்துக்கொள்ளும்.

கென்டக்கியில் ஒரு கல்லூரி

இக்கல்வியை எவ்வாறு அளிக்க வேண்டும் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு நல்ல முன்மாதிரி உண்டு. அங்கே சமுதாயக் கல்லூரி என்னும் அமைப்பு நூறாண்டுக்கும் மேற்பட்டது. 1901 இல் ஜோலியட் நகரில் தொடங்கிய கல்லூரியை அவ்வகைப் பொதுக் கல்லூரிகளில் முதலாவதாகக் குறிப்பிடுவர். வீட்டிலிருந்தே சென்று வரலாம், கட்டணம் குறைவு, வேலை செய்துகொண்டே படிக்கலாம், இரண்டாண்டில் பெற்ற சான்றோடு வேலைக்கும் போகலாம், மேற்படிப்புக்கும் போகலாம்.

கென்டக்கி மாநிலத்தின் ஜார்ஜ்டவுன் நகரில் டொயோட்டா நிறுவனத்தின் பெரிய கார் தொழிற்சாலை இருக்கிறது. இயந்திரங்களைப் பராமரிக்கத் தெரிந்த ஆட்கள் போதவில்லை என்று கண்ட அந்நிறுவனம், 2010 இல் புளூகிராஸ் சமுதாய மற்றும் தொழில்நுட்பக் கல்லூரியுடன் சேர்ந்து ஃபேம் என்னும் பயிற்சித் திட்டத்தைத் தொடங்கியது. மாணவர் வாரத்தில் 2 நாள் கல்லூரியில் படிப்பார். 3 நாள் தொழிற்சாலையில் ஊதியத்தோடு பணியாற்றுவார். 5 பருவங்களில் மின்சாரம், இயந்திரவியல், காற்றழுத்தம், ரோபோ, பி.எல்.சி. ஆகியவற்றைக் கற்றுத் தேர்வார். நேரந்தவறாமை, ஒழுங்கான உடை, பணியிடத் தூய்மை, தெளிவாகப் பேசுதல், சிக்கலைப் படிப்படியாக ஆராய்தல் ஆகியவற்றையும் பாடமாகவே வைத்துள்ளார்கள். பிற நிறுவனங்களும் பிற மாநிலங்களும் இதைப் பின்பற்றவே, 2019 இல் தொழில் துறையினரின் தேசிய அமைப்பு ஒன்றின் பொறுப்பில் இத்திட்டம் ஒப்படைக்கப்பட்டது.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று. கல்லூரி தனியாகவும் தொழிற்சாலை தனியாகவும் நிற்கவில்லை. திங்கட்கிழமை வகுப்பில் கேட்ட பாடத்தை வியாழக்கிழமை இயந்திரத்தில் பார்க்கிறான் மாணவன். படிக்கும்போதே ஊதியம் பெறுவதால் குடும்பத்துக்குச் சுமையாவதில்லை. வறுமையால் படிப்பை விடும் பிள்ளைக்கு இதைவிட நல்ல ஏற்பாடு வேறென்ன?

நம் நாட்டில் சமுதாயக் கல்லூரி

நம் நாட்டில் இம்முயற்சி தென்னகத்தில்தான் முளைத்தது. 1995 இல் புதுச்சேரிப் பல்கலைக்கழகமும், 1996 இல் சென்னை மயிலை கத்தோலிக்க உயர் மறைமாவட்டமும் சமுதாயக் கல்லூரிகளைத் தொடங்கின. பள்ளியை விட்டு நின்றவர்களுக்கு வாழ்க்கைத் திறனும், தொழில் திறனும், பணியிடப் பயிற்சியும் சேர்த்து அளிப்பது அவற்றின் நோக்கம். பின்னர்ப் பல்கலைக்கழக மானியக் குழுவும் 2013 இல் இதற்கெனத் திட்டம் வகுத்தது.

ஆயினும், பெயர்ப் பலகையில் 'சமுதாயக் கல்லூரி' என்று எழுதியிருக்கிறதா என்று தேட வேண்டியதில்லை. அதன் பணியைச் செய்யும் நிலையங்கள் நம் அருகிலேயே உள்ளன. தமிழக அரசு, டாட்டா டெக்னாலஜிஸ் நிறுவனத்துடன் இணைந்து, ஏறத்தாழ 2,877 கோடி ரூபாய் மதிப்பில் 71 அரசு ஐ.டி.ஐ.களை 4.0 தரத்துக்கு உயர்த்தும் பணியை மேற்கொண்டு, 2023 இல் அவற்றைப் பயன்பாட்டுக்குக் கொண்டு வந்தது. தொழிற்சாலை ரோபோ இயக்கம், உற்பத்திச் செயல்முறைக் கட்டுப்பாடு ஆகிய புதிய பிரிவுகள் அவற்றில் இடம்பெற்றன. எலெக்ட்ரீசியன், இன்ஸ்ட்ருமென்ட் மெக்கானிக் முதலிய ஈராண்டுப் பிரிவுகளும் இத்துறைக்கு நல்ல வாயில்களே. பாலிடெக்னிக்கில் மின்னியல், கருவியியல், மெக்கட்ரானிக்ஸ் ஆகிய மூன்றாண்டுப் பட்டயப் படிப்புகள் உண்டு.

'ஐ.டி.ஐ. என்றால் அதோடு படிப்பு முடிந்தது' என்று கருதுவோர் கவனிக்க வேண்டும். பத்தாம் வகுப்புக்குப் பின் ஈராண்டு ஐ.டி.ஐ. முடித்தவர் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். பட்டயம் முடித்தவர் பொறியியல் கல்லூரியில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். ஒவ்வொரு படியிலும் இறங்கி வேலைக்குச் செல்லவும், பின்னர் மீண்டும் ஏறவும் வழியுள்ளது.

சேருமுன் கேட்க வேண்டியவை

இத்துறைக்குத் தேவை பெருகியதைக் கண்டு, '45 நாளில் பி.எல்.சி., ஸ்காடா, உடனே வெளிநாட்டு வேலை' என்று சுவரொட்டி ஒட்டுவோரும் பெருகியுள்ளனர். அவர்களில் நன்கு கற்பிப்போரும் உண்டு. தாயின் நகையை அடகு வைத்துக் கட்டிய பணத்துக்கு ஒரு சான்றிதழ்த் தாளை மட்டும் தந்து அனுப்புவோரும் உண்டு. பணம் கட்டுமுன் பெற்றோர் கேட்க வேண்டிய கேள்விகள் சில:

1. சான்றிதழை அங்கீகரித்த அரசு அமைப்பு எது? அதனை வேலை கொடுப்போர் ஏற்கிறார்களா?

2. உண்மையான கருவிகள் எத்தனை உள்ளன? ஒரு கருவிக்கு எத்தனை மாணவர்? கணினித் திரையில் மட்டும் காட்டிக் கற்பிக்கிறார்களா?

3. மாணவன் தன் கையால் ஒரு பேனலைக் கம்பியிட்டு முடிப்பானா? வேண்டுமென்றே பழுதை உண்டாக்கி அதைக் கண்டுபிடிக்கச் சொல்கிறார்களா?

4. சென்ற ஆண்டு முடித்தவர்கள் எங்கே பணியாற்றுகிறார்கள்? அவர்களில் இருவரோடு பேச இயலுமா?

இவற்றுக்கு நேரான விடை கிடைக்காத இடத்தில் பணம் கட்டாதீர்கள். மின்சார அடிப்படை அறியாதவன் பி.எல்.சி. மட்டும் கற்பது, எழுத்து அறியாதவன் கையெழுத்து மட்டும் பழகியது போன்றதாகும்.

நம் பெண் பிள்ளைகள்

ஆம்பூரிலும் இராணிப்பேட்டையிலும் காலணித் தொழிற்சாலைகளில் பணியாற்றுவோரில் பெரும்பாலோர் பெண்களே. நம் வீட்டுத் தாய்மார்களும் சகோதரிகளும் அவர்களில் உண்டு. தையல் இயந்திரத்தில் அமர்ந்து பல்லாண்டு உழைத்த கைகள் அவை. அங்கும் தானியங்கி வெட்டும் இயந்திரங்களும் தையல் இயந்திரங்களும் வருகின்றன. வேலையை இழக்கும் அச்சம் பெண்ணுக்கும், பழுது பார்க்கும் வேலை ஆணுக்கும் என்று இதனை விட்டுவிடுவது நீதியாகாது. பேனல் கம்பியிடுதல், மின் வரைபடம் தயாரித்தல், நிரல் எழுதுதல், கட்டுப்பாட்டு அறையில் கண்காணித்தல் ஆகியவற்றுக்கு வேண்டியவை நுணுக்கமும் பொறுமையும். தாய் தைத்த இயந்திரத்தை மகள் பழுது பார்க்கட்டும்; அதில் குறைவென்ன?

ஜமாஅத்திடம் வேண்டுவன

நிர்வாகப் பெருமக்களின் கவனத்துக்கு மூன்று வேண்டுகோள்களைப் பணிவுடன் வைக்கிறோம்.

முதலாவது, கல்வி உதவியில் சமநிலை. பொறியியலுக்கும் மருத்துவத்துக்கும் உதவும் அதே மனத்தோடு, ஐ.டி.ஐ.க்கும் பாலிடெக்னிக்குக்கும் செல்லும் பிள்ளைக்கும் உதவ வேண்டும். அவனுக்கு வேண்டியது பெருந்தொகையன்று. பேருந்துக் கட்டணம், பாதுகாப்புக் காலணி, ஒரு மல்டிமீட்டர், சில கருவிகள். சிறு தொகை கிடைக்காமையால் நின்றுபோகும் படிப்புகளே அதிகம். பரிசளிப்பு விழா மேடையிலும் அப்பிள்ளைகளுக்கு ஓரிடம் வேண்டும். 'பையன் என்ன படிக்கிறான்?' என்று திருமணப் பேச்சில் கேட்கும்போது பெற்றோர் குரல் தாழாதிருக்க, அந்த மேடை உதவும்.

இரண்டாவது, நம்மிடையே உள்ள தொழிலதிபர்கள் மனம் வைக்க வேண்டும். 1961 ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டத்தின்படி, 30 அல்லது அதற்கு மேற்பட்ட பணியாளரைக் கொண்ட நிறுவனங்கள் பழகுநர்களைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். மொத்தப் பணியாளரில் 2.5 முதல் 15 விழுக்காடு வரை சேர்க்கலாம். சிறு நிறுவனங்களும் விரும்பினால் சேர்க்கலாம். சட்டத்தின் கட்டாயத்துக்காக ஏட்டில் பெயர் எழுதாமல், உண்மையாகவே பிள்ளையை இயந்திரத்தின் அருகே நிறுத்திக் கற்பியுங்கள். தேநீர் வாங்கி வரவும், தரை கூட்டவும் மட்டும் அனுப்பப்பட்ட பழகுநன் ஓராண்டின் முடிவில் எதையும் கற்றிருக்க மாட்டான். உங்களுக்கும் பயன்பட மாட்டான். அருகிலுள்ள ஐ.டி.ஐ.யோடு பேசி, கென்டக்கியில் செய்தது போல வகுப்பும் தொழிற்சாலையும் கலந்த ஏற்பாட்டைச் சிறிய அளவிலாவது தொடங்கலாம்.

மூன்றாவது, விண்ணப்பக் காலத்தில் ஒரு வழிகாட்டிக் குழு. சேர்க்கை நடைபெறும் வாரங்களில், பள்ளிவாசலை அடுத்த அறையில் படித்த இளைஞர் இருவர் அமர்ந்து இணையவழி விண்ணப்பத்தை நிரப்பித் தந்தால் போதும். 2007 முதல் தமிழகத்தில் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5 விழுக்காடு தனி இட ஒதுக்கீடு உள்ளது. உரிய சான்றிதழ் கையில் இல்லாமையால் அந்த இடத்தை இழக்கும் நிலை எந்தப் பிள்ளைக்கும் வரலாகாது. அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்கோ தொழிற்கல்விக்கோ செல்வோருக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களையும் அக்குழு எடுத்துரைக்கலாம்.

இறுதியாக, மாணவச் செல்வங்களே! இத்தொழிலில் முதல் நாளே கை நிறையச் சம்பளம் கிடைக்கும் என்று நாம் கூறவில்லை. தொடக்க ஊதியம் குறைவாகவே இருக்கும். இரவுப் பணி உண்டு. எண்ணெயும் இரைச்சலும் உண்டு. எல்லோரும் உறங்கும் வேளையில் அழைப்பு வரும். ஆனால் ஐந்தாண்டுகள் ஊன்றிக் கற்றவனை எந்த முதலாளியும் எளிதில் விடமாட்டார். ஒரு தொழிற்சாலை மூடப்பட்டாலும் அவன் கற்றது அவனோடு அடுத்த வாயிலுக்கு வரும். உங்களில் யார் சேர விரும்பினாலும், நிகழ்ச்சி முடிந்ததும் பெயரை எழுதிக் கொடுத்துச் செல்லுங்கள். அருகிலுள்ள ஐ.டி.ஐ.யை நேரில் காண, பெற்றோரோடு உங்களை அழைத்துச் செல்ல ஏற்பாடு செய்வோம், இன்ஷா அல்லாஹ்.